கரையில் எங்கே உட்காருவது? திருப்பூர் வட்டாரக் குளங்களில் தூண்டில் இடம் தேடுதல்

சனிக்கிழமை மாலை பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் ஞாயிறு திருப்பூரின் ஓய்வு நாள். வாரம் முழுக்க பவர்டேபிளில் குனிந்திருந்தவர்களிலும் செக்கிங் மேசையில் நின்றிருந்தவர்களிலும் ஒரு பகுதியினர் அன்று குளக்கரைக்குப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களோடு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் இருப்பார்கள். ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் தங்கூசி, ஒரு தக்கை, டப்பாவில் மண்புழு. இவ்வளவுதான் முதலீடு.

அந்தக் கரையில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே குளம், ஒரே புழு, ஒரே காலை நேரம். ஒருவருடைய தக்கை ஓயாமல் அமுங்குகிறது. முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கொத்துகூட இல்லை. ஏன்? இதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். கைராசி என்பார் ஒருவர். இரை என்பார் இன்னொருவர். மண்புழுவா, மைதா உருண்டையா, பிண்ணாக்கு கலந்த மாவா என்று விவாதம் நீளும். மூன்றாமவர் இடம் என்பார். இரைக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனாலும் மீன் இல்லாத இடத்தில் எந்த இரையும் வேலை செய்யாது. எனவே இடத்தையே முதலில் ஆராய வேண்டும்.

இடம் தேடுவது என்றால் என்ன? குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான். திருப்பூர் வட்டாரத்தில் இந்த அறிவுக்கு இரட்டைப் பயன் இருக்கிறது. மீன் நிற்கும் இடத்தைச் சொல்வதும் அதுதான்; பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதைச் சொல்வதும் அதுதான். இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்கிறது.

குளத்தின் உடலமைப்பு

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக கிழக்கு நோக்கி ஓடி, நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. வழிநெடுக அணைக்கட்டுகளில் தண்ணீரைத் திருப்பி, ராஜவாய்க்கால் வழியாகக் குளங்களுக்குக் கொண்டுசென்றார்கள். கோவையின் உக்கடம், சிங்காநல்லூர் குளங்களும் சூலூர்க் குளமும், திருப்பூர்ப் பக்கம் சாமளாபுரம், ஆண்டிபாளையம், மூளிக்குளம் ஆகியவையும் இந்த ஆற்றோடு பிணைந்தவை. நகரின் வடகிழக்கே ஊத்துக்குளி சாலையருகே சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது.

இப்படிப்பட்ட குளம் சாய்த்து வைத்த தாம்பாளம் போன்றது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கரை போட்டிருப்பார்கள். எனவே கரையோரம் ஆழம்; எதிர்ப்பக்கமான உள்வாயில் தண்ணீர் கணுக்காலளவுக்கு மெலிந்து வயலோடு போய்ச் சேரும். நொய்யல் வட்டாரத்தில் நிலம் பெரும்பாலும் கிழக்கே சரிவதால், பல குளங்களில் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ, உள்வாய் மேற்கிலோ அமைந்திருக்கும். இடம் தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது இந்தச் சாய்வைத்தான்.

அடுத்து நான்கு உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். வாய்க்கால் வந்து விழும் வாய் முதலாவது. பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மதகு இரண்டாவது. கரையில் மிக ஆழமான இடம் அநேகமாக அதன் முன்னால்தான் இருக்கும். நிறைந்த நீர் வழிந்தோடும் கலிங்கு மூன்றாவது. அலை அரிக்காமல் இருக்கக் கரையின் உட்சரிவில் பதித்த அலைகல் நான்காவது. அலைகல் இடுக்குகளில் கெளுத்தியும் ஆராலும் ஒண்டிக்கொள்ளும். பாசி பிடித்த கல்லைச் சுரண்டித் தின்ன ஜிலேபி வரும். ஒன்றுமே தெரியாத புதியவர் ஒரு குளத்துக்குப் போனால் மதகுக்கு இரு பக்கமும் உள்ள அலைகல் வரிசையில் உட்காரலாம். ஏமாற்றம் குறைவான இடம் அது.

எந்த மீனுக்கு எந்த இடம்

எல்லா மீனுக்கும் பொதுவான நல்ல இடம் என்று ஒன்று கிடையாது. இந்த வட்டாரத் தூண்டிலில் அதிகம் சிக்குவது ஜிலேபி. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலேப்பியாதான் இது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்கு அது வந்தது இலங்கையிலிருந்து. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்பது எண்ணம். ஆனால் குட்டையிலும் குளத்திலும் கட்டுக்கடங்காமல் பெருகி, மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதை மேலும் பரப்பக் கூடாது என்று தடை சொன்னது. அதற்குள் அது தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் குடியேறிவிட்டது. அமராவதி நீர்த்தேக்கம், ஜிலேபியே மேலோங்கிய நீர்த்தேக்கம் என்று மீன்வள ஆய்வுகளில் நீண்ட காலமாகக் குறிப்பிடப்படுகிறது.

ஜிலேபியின் வீட்டைக் கண்ணால் பார்க்க முடியும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது உள்வாய்ப் பக்கம் நடந்தால், ஈரமண்ணில் வட்டவட்டமான பள்ளங்கள் அடுத்தடுத்து இருப்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சோற்றுத் தட்டின் அகலமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருக்கும். விளிம்பில் மண் மேடிட்டிருக்கும்; நடுவில் வண்டல் நீங்கிச் சுத்தமான மணலோ சரளையோ தெரியும். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளி வெளியே துப்பித் தோண்டிய பள்ளங்கள் அவை. பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் கவ்விக்கொண்டு விலகிவிடும். ஏறத்தாழ மூன்று வாரம் முட்டையும் குஞ்சும் தாயின் வாய்க்குள்தான் இருக்கும். அந்த நாட்களில் தாய் மீன் இரை எடுப்பது அரிது. ஆண் மீனோ பள்ளத்தைக் காத்தபடி, அருகில் வரும் எதையும் முட்டித் தள்ளும். வற்றிய கரையில் பள்ளங்கள் எந்த ஆழத்தில் இருந்தன, எந்த வகை மண்ணில் இருந்தன என்று பார்த்து வைத்துக்கொள்பவருக்கு, குளம் மறுபடி நிறைந்த பின் எங்கே தூண்டில் போடுவது என்ற குழப்பம் இருக்காது. தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறினாலும் இதே வகை மண்ணும் ஆழமும் சேரும் வரியைத்தான் ஜிலேபி தேடும்.

விராலின் கதை வேறு. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் அது. சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்து 'ப்ளக்' என்று ஒரு மிடறு காற்றை இழுத்துவிட்டுப் போகும். அந்தச் சத்தமும் அதைத் தொடர்ந்து விரியும் வளையமும்தான் அதன் முகவரி. சம்பு, அல்லி, ஆகாயத்தாமரை ஆகியவை அடர்ந்த ஓரங்களில், செடிக்கும் திறந்த நீருக்கும் இடையே உள்ள இடுக்கில் அது பதுங்கி நிற்கும். சிறு தவளை, சிறு கெண்டை ஆகியவற்றை இரையாக வைப்பார்கள். குறவையும் ஏறக்குறைய இதே இடத்து மீன்தான்.

கெளுத்தி தரையோடு தேடும் மீன். மதகடி ஆழமும் கலங்கிய நீரும் அதற்குப் பிடிக்கும். அந்தி சாய்ந்த பிறகு ஈயம் கட்டித் தரையில் புழுவைக் கிடத்தினால் வரும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் முட்டையிடுவதில்லை. அவற்றுக்கு ஓடும் வெள்ளம் தேவை. குளங்களில் கிடைப்பவை பெரும்பாலும் குஞ்சாக வாங்கி விடப்பட்டவை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் இந்தக் கெண்டைகளை ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் இந்தியக் குளங்களுக்குக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்க வழி பிறந்தது. அந்த நாள் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். முட்டையிட முடியாவிட்டாலும் அந்த இயல்பூக்கம் போகவில்லை. புதுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து விழும்போது இந்தக் கெண்டைகள் அதை எதிர்த்து ஏறப் பார்க்கும். வாய்க்கால் வாயை ஏன் முதல் உறுப்பாகச் சொன்னோம் என்பது இதனால் விளங்கும்.

பருவம்: நம் ஊர்க் கணக்கு

வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு சிறு மீனை வசந்த காலத்தில் கரையிலிருந்து பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. குளிரில் ஆழத்தில் கிடந்த மீன், தண்ணீர் சுமார் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது முட்டையிடக் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வரும். அங்குள்ள தூண்டில்காரர்கள் அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருந்து, வெயில் முதலில் படும் வளைகுடாக்களையும் மூழ்கிய மரக்கிளைகளையும் தேடிப் போவார்கள்.

நமக்கு அப்படியொரு வசந்தம் கிடையாது. கொங்கு நாட்டுக் குளத்து நீர் ஆண்டு முழுக்க ஜிலேபி முட்டையிடப் போதுமான சூட்டில்தான் இருக்கிறது. இங்கே மீனை நகர்த்துவது தண்ணீர் மட்டம். அமெரிக்கர் வெப்பமானியைப் பார்க்கும் இடத்தில் நாம் கரையின் ஈரக்கோட்டைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடு இப்படி நகரும். திருப்பூர் மழை மறைவுப் பகுதி. இங்கு பெய்யும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆனால் நொய்யலின் பிறப்பிடமான வெள்ளியங்கிரி தென்மேற்குப் பருவத்தில் நனைகிறது. எனவே ஊரில் ஒரு சொட்டு விழாத ஆனி, ஆடியிலும் ஆற்றில் தண்ணீர் வரலாம். அப்படி வந்து ஆற்றோடு பிணைந்த குளங்கள் நிரம்பும்போது மீன் வாய்க்கால் வாய்க்கும், புதிதாக மூழ்கிய புல்தரைக்கும் போகும். காய்ந்த புல்லில் இருந்த பூச்சியும் புழுவும் தண்ணீருக்கு வரும்; அதைத் தேடி மீன் வரும். குளம் நிரம்பும் இந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் நம் ஊர்த் தூண்டில்காரரின் வசந்தம்.

மார்கழி, தையில் குளம் நிறைந்து நிலைகொள்ளும். காலைப் பனியில் மீன் சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு கிழக்கு வெயில் படும் ஆழமற்ற ஓரங்களில் கொத்து தொடங்கும். மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்குவதால் ஜிலேபியின் பள்ளங்கள் இருக்கும் வரிக்கு இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளிப் போட வேண்டும். சித்திரை, வைகாசியில் உள்வாய் நீர் பகலில் காய்ந்துவிடுவதால் மீன் மதகடிக்கும் பள்ளங்களுக்கும் சுருங்கும். அப்போது ஒரே இடத்தில் நிறைய மீன் கிடைக்கும். ஆனால் அடுத்த மழைக்குக் குளத்தில் மிச்சமிருக்க வேண்டிய தாய் மீன்களும் அந்தப் பள்ளங்களில்தான் ஒதுங்கியிருக்கின்றன. தேவைக்கு மேல் பிடிக்காமல் எழுந்து வர வேண்டிய காலம் அது.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக் கால்வாய்கள் ஓடும் உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கம் கணக்கு சற்று மாறும். திருமூர்த்தி அணையிலிருந்து மண்டல வாரியாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அங்கே மழையை விடக் கால்வாய்த் திறப்பு அறிவிப்புதான் தூண்டில்காரருக்கு நாட்காட்டி. தாராபுரம் பக்கத்து உப்பாறு அணை, வெள்ளகோவில் பக்கத்து வட்டமலைக்கரை ஓடை அணை ஆகியவை நீண்ட காலம் வறண்டு கிடந்தவை. தண்ணீர் விடப்பட்ட ஆண்டில்தான் அங்கே மீன் பற்றிய பேச்சே எழும்.

காற்றும் நேரமும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்று இந்த வட்டாரத்தின் அடையாளம். பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். தூண்டில்காரர் பலர் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். தங்கூசி தூரம் போகும், தக்கையும் ஆடாமல் நிற்கும். வசதி என்னவோ அதில்தான். ஆனால் காற்று மேல்நீரையும் அதில் மிதக்கும் நுண்பாசியையும் பூச்சிகளையும் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அவற்றைத் தின்ன சிறு மீனும், சிறு மீனைத் தின்ன பெரிய மீனும் அந்தக் கரையில் சேரும். அலை மோதுவதால் அங்கே தண்ணீரில் உயிர்வளியும் கூடுதல்.

இதையும் குளத்தின் சாய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நல்ல விதி கிடைக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். கிழக்கில் பெரும்பாலும் கரையும் ஆழமும் அலைகல்லும் இருக்கும். ஆகவே ஆடி மாதத்தில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கரைமேல் உட்காருவது நல்லது. ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது இரை உள்வாய்ப் பக்கம் ஒதுங்கும். அதே காலத்தில்தான் உள்வாய்ப் புல்தரை புதிதாக மூழ்கியும் இருக்கும். மழைக்காலத்தில் உள்வாய் சிறப்பதற்கு இப்படி இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

நேரத்தைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. விடியற்காலைதான் எப்போதும் நல்ல நேரம் என்பது தெளிந்த நீருக்குப் பொருந்தும். சாக்கடை கலந்து பச்சைப் பாசி படர்ந்த குளத்தில் நிலைமை வேறு. பகலில் உயிர்வளியை வெளிவிடும் பாசி, இரவு முழுக்க அதை இழுத்துக்கொள்கிறது. விடியும் வேளையில்தான் தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர் மீன் துள்ளுகிறது என்று மகிழ்ந்து தூண்டில் போடுவார், ஒன்றும் கொத்தாது. மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரையைத் தேடுவதில்லை. அத்தகைய குளத்தில் வெயில் ஏறி எட்டு மணி கடந்த பிறகு போவது பயன் தரும். விடிகாலையில் மீன் வாய் பிளப்பதைக் கண்டால், அது அந்தக் குளத்தின் உடல்நிலை பற்றிய செய்தி என்றும் புரிந்துகொள்ள வேண்டும்.

மறைவிடங்கள்

மீன் வெட்டவெளியில் நிற்க விரும்பாது. அலைகல்லைத் தவிர, குளத்தில் மறைவு தருபவை முக்கியமாக மூன்று.

கருவேல மரங்கள் முதன்மையானவை. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏரி, குளங்களின் உள்வாயில் கருவேலங்கன்று நட்டார்கள். விறகுக்காக நட்ட மரங்கள் பல இடங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் தோப்பாகின. மூழ்கிய அடிமரமும் முள்கிளையும் மீனுக்கு வீடாகின. பறவை எச்சம் விழும் இடத்தில் நுண்ணுயிர் பெருகி மீனுக்கு இரையும் கூடும். இலங்கையின் நீர்கொழும்புக் கடனீரேரியில் மீனவர்கள் மரக்கிளைகளை வட்டமாக நட்டு மீனைக் கூட்டும் முறை பழையது. அமெரிக்க ஏரிகளில் கிராப்பிக்காகக் கிளைக்கட்டுகளை மூழ்கவைக்கிறார்கள். நமக்கு அதை மரங்களே செய்து தருகின்றன. கிளைக்குள் போட்டால் முள் மாட்டி அறுந்துவிடும்; தக்கைக்கும் முள்ளுக்கும் இடைவெளியைக் குறைத்து, கிளையின் நிழல் முடியும் விளிம்பில் இறக்க வேண்டும்.

அடுத்தது வண்டல் எடுத்த குழிகள். குளத்து வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. அள்ளிய இடத்தில் திடீர் ஆழங்கள் உருவாகின்றன. கோடையில் வறண்டு கிடக்கும்போது அந்தக் குழிகள் எங்கே இருக்கின்றன என்று கரைமேல் நின்று, ஒரு பனையையோ மின்கம்பத்தையோ நேர்க்கோடாக வைத்து மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். குளம் நிரம்பிய பின் வெளியே ஒரு தடயமும் தெரியாது. மீனுக்கு மட்டும் தெரியும். தண்ணீருக்குள் இறங்கி நிற்பவர்களுக்கு இந்தக் குழிகளே ஆபத்து. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடக்கூடும். நிரம்பிய குளத்தில் இறங்காமல் கரையிலிருந்தே போடுவதுதான் முறை.

மூன்றாவது ஆகாயத்தாமரை. இதன் விரிப்புக்கு அடியில் வெளிச்சமும் உயிர்வளியும் குறைவு. முழுக்க மூடிய குளத்தில் விரால், குறவை, கெளுத்தி வகைகள் தவிர மற்றவை தேறுவது கடினம். விரிப்பு உடைந்து திறந்த நீர் தெரியும் ஓட்டைகளில்தான் தூண்டிலுக்கு வேலை. சாக்கடைச் சத்து மிகுந்த நீரில்தான் ஆகாயத்தாமரை இப்படிக் கொழிக்கும். மறைவிடம் என்று சொல்லும்போதே அது ஓர் எச்சரிக்கையாகவும் ஆகிறது.

நீர்வரத்து: திருப்பூரின் தனிக் கேள்வி

வேறு எந்த ஊரில் இந்தக் கட்டுரையை எழுதினாலும் இதுவரை சொன்னது போதும். திருப்பூரில் போதாது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் மிச்சச் சாயத்தோடு அந்த உப்பும் வந்தது. பனியன் ஏற்றுமதி வளர்ந்த பத்தாண்டுகளில் இந்த நீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நல்ல தண்ணீரைத் தேக்குவதற்குப் பதில் சாயநீரைத் தேக்கும் இடமாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே பொறுப்பு என்று உறுதிசெய்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை மீட்டு மறுபயன்பாட்டுக்குத் தரும் முறைக்கு மாறின. ஊர் இதில் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. ஆயினும் மழை வெள்ளத்தோடு இரவில் சாயநீர் திறந்துவிடப்படுகிறது என்ற புகாரை விவசாயிகள் இன்னும் சொல்கிறார்கள். வீட்டுச் சாக்கடை ஓடைகளில் கலப்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

தூண்டில்காரர்களிடம் பரவலாக ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது. இந்த வட்டாரத்தில் இது மிகவும் ஆபத்தான முடிவு. மொசாம்பிக் திலேப்பியா கடல் நீரிலும் வாழக்கூடியது. உப்பேறிய நீர் அதற்குப் பொருட்டில்லை. விராலும் குறவையும் காற்றைச் சுவாசிப்பவை. உயிர்வளி குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். சாக்கடைக் குளங்களில் கொழுத்துத் திரியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அதே வகை. வளர்க்கவும் விற்கவும் தடை செய்யப்பட்ட மீன் அது. நம் தூண்டிலில் அதிகம் சிக்கும் மீன்கள் கெட்ட நீரைத் தாங்கத் தெரிந்த மீன்கள். அவை நீருக்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றவை.

சாட்சி சொல்லக்கூடியவை சின்ன உயிர்கள். அயிரை, சிறு கெண்டை, நன்னீர் இறால், தும்பியின் நீர்ப்புழு ஆகியவை கரையோரக் கல்லைப் புரட்டினால் கிடைக்கின்றனவா? கிடைத்தால் நல்ல அறிகுறி. நீர் வற்றும் விளிம்பில் கற்கள்மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? வாய்க்கால் வாயில் நுரை நிற்கிறதா? நீரை உள்ளங்கையில் அள்ளினால் சாயத்தின் நிறமோ அழுகிய முட்டை வாடையோ தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே பிடித்த மீனைச் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. திருப்பூரில் டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருள்களின் அளவு) என்ற சொல் டீக்கடை வரை புழங்கும். அதை அளக்கும் சிறு கருவியும் பலரிடம் உண்டு. உப்பின் அளவை அது காட்டும். ஆனால் உலோக நஞ்சையோ உயிர்வளியையோ அது காட்டாது. எண் குறைவாக இருப்பது மட்டும் நற்சான்றிதழ் ஆகிவிடாது.

புதுத் தண்ணீர் விழும் வாய்தான் சிறந்த இடம் என்று மேலே சொன்ன விதிக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. ஊருக்கு மேற்பகுதியில், காட்டோடையும் வயல் வடிகாலும் சேர்ந்து நிரம்பும் குளத்தில் முதல் வெள்ளம் கொண்டாட்டம். நகருக்குள்ளும் நகருக்குக் கீழேயும் முதல் வெள்ளம் தெருக் குப்பையையும் சாக்கடை அடிமண்ணையும் அடித்துக்கொண்டு வருகிறது. அதனால் உயிர்வளி சட்டென்று சரிந்து மீன் கூட்டமாகச் சாவதும் உண்டு. அங்கே இரண்டு மூன்று நல்ல மழை ஓடி, வாய்க்கால் கழுவப்பட்ட பிறகு போவதே சரி.

போடக் கூடாத இடங்கள்

நல்ல இடம் எது என்ற ஆய்வு, கூடாத இடம் எது என்று சொல்லாமல் முழுமை பெறாது.

நஞ்சராயன் குளம் 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளத்தில் மீன் பறவைகளுக்கு உரியது. வலசை வரும் பறவைகள் தங்கும் ஒரு குளத்தைத் தூண்டிலிலிருந்து விலக்கி வைப்பது இழப்பாகாது.

அமராவதி நீர்த்தேக்கத்தில் சட்டத்தோடு உயிராபத்தும் சேர்கிறது. ஆனைமலை அடிவாரத்தில் உள்ள இந்த நீர்த்தேக்கம் சதுப்பு முதலைகளின் வாழிடம். பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. வெயில் காயும் ஆழமற்ற கரை முதலைக்குப் பிடித்த இடம். ஜிலேபிக்கும் அதுவே பிடித்த இடம். அங்கே கரையில் உட்கார்ந்து தூண்டில் போடும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

மற்றக் குளங்களில் மீன்பாசி குத்தகை என்ற ஒன்று இருக்கிறது. ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு வளர்க்கிறார். அவர் விட்ட கட்லாவைக் கேட்காமல் பிடிப்பது திருட்டு. "ஏனுங்க, கரையில ஒரு தூண்டில் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டால் சின்ன மீனுக்குத் தலையாட்டும் குத்தகைதாரர்கள் உண்டு; ஜிலேபி குறைந்தால் அவர்களுக்கும் நல்லதுதான். அனுமதி இல்லை என்றால் அடுத்த குளம் பார்க்க வேண்டும். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது; அதைக் கண்டால் தெரிவிப்பது கடமை.

கடைசியாக ஒரு தன்கட்டுப்பாடு. மழைக்காலத்தில் ஓரத்து நீரில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கொதிப்பது தெரியும். விரால் பார்ப்பு அது. அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தூண்டிலை விட்டால் காவல் மீன் கோபத்தில் கட்டாயம் கடிக்கும். கரையில் இதைவிட உறுதியான இடம் வேறில்லை. ஆனால் தூக்கவே கூடாத இடமும் இதுதான். பெற்றோரைத் தூக்கிவிட்டால் சற்று நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று முடித்துவிடும். ஒரு விராலுக்காக ஒரு தலைமுறை விராலை இழக்கிறோம்.

முடிவாக

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால், நல்ல இடம் என்பது நான்கு விஷயங்கள் ஒன்றுசேரும் புள்ளி. குளத்தின் சாய்வு ஆழத்தைச் சொல்கிறது. பருவம் ஈரக்கோட்டை நகர்த்துகிறது. காற்று இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மரமும் குழியும் கல்லும் மறைவு தருகின்றன. இந்த நான்கும் எந்த நாட்டு ஏரிக்கும் பொருந்தும். ஐந்தாவதாக நீர்வரத்து என்பதை இந்த வட்டாரம் சேர்த்தது. அதை முதலாவதாக வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. தண்ணீர் வரும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் கரையில் உட்காருவதில் பொருளில்லை.

இதற்குச் சில ஏற்பாடுகளும் வேண்டும். ஒவ்வொரு குளத்தின் மதகருகிலும் அந்த நீரின் அண்மைப் பரிசோதனை முடிவை, மீன் உண்ணத் தக்கதா இல்லையா என்பதோடு, தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கரைகளில் உட்காருகிறவர்கள் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் அல்லர். மீன்பாசி குத்தகை ஒப்பந்தத்திலேயே கரையின் ஒரு பகுதியைச் சிறு கட்டணத்தில் தூண்டிலுக்கு ஒதுக்கலாம். பெரிய செலவு பிடிக்காத வேலைகள் இவை.

தூண்டில்காரர்கள் தங்கள் பங்கைச் செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நொய்யல் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஆற்று நீரை அன்றாடம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஆயக்கட்டு விவசாயிகள். குளத்து நீரை அப்படி வாரந்தோறும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தூண்டில்காரர்கள். நிறம் மாறிய நாள், நுரை வந்த வாய்க்கால், மீன் செத்து மிதந்த கரை ஆகியவற்றைத் தேதியோடும் படத்தோடும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்தால் அது வலுவான ஆதாரம். எங்கே உட்கார்ந்தால் மீன் கிடைக்கும் என்று தேடித் தெரிந்துகொண்டவருக்கு அந்தக் குளத்துக்கு என்ன நேர்கிறது என்பதும் தெரியும். அதை வெளியே சொல்வதும் அவர் பொறுப்பே.